தட்சிணையும் தவணையும்

மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயத்தில் நீளமான பட்டியல் ஒன்று வருகிறது. சிராத்தத்தன்று யார் யாரை அழைத்து இலை போடக் கூடாது என்ற பட்டியல். சூதாடி, வட்டித் தொழில் செய்பவன், மாமிசம் விற்பவன் என்று போகிற வரிசையில் கூலி பேசிப் பாடம் சொல்லிக்கொடுப்பவனும் இருக்கிறான். அவனோடு விட்டிருக்கலாம். கூலி கொடுத்து அவனிடம் படித்தவனையும் சேர்த்தே விலக்கி வைக்கிறது அந்த நூல். விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் ஒரே தண்டனை. இந்த விதியை இன்று புனே நகரத்தில் அமல்படுத்தினால், பித்ரு பட்சம் முழுக்கத் தேடினாலும் ஓங்காரேஷ்வர் கோயில் பக்கம் சாப்பிட ஓர் ஆள் கிடைக்க மாட்டார்.

புனேயைக் 'கிழக்கின் ஆக்ஸ்ஃபோர்டு' என்று சொல்வது பழைய வழக்கம். ஜூன் மாதம் அந்த ஊருக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது விளம்பரத் தட்டிகளைத்தான். சிரிக்கும் மாணவர் முகம், கீழே ஒரு கம்பெனியின் பெயர், அதற்கும் கீழே இத்தனை லட்சம் என்று ஒரு தொகை. படித்த பாடத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கும். சில தட்டிகளில் அதுவும் இருக்காது. அந்தத் தட்டியின் கீழ் ஆட்டோவில் போகிற தகப்பனார் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே போவார். ஃபீஸ் இவ்வளவு, ஹாஸ்டல் இவ்வளவு, பேங்க் லோன் இவ்வளவு, பையனுக்கு வரப்போகிற சம்பளம் எவ்வளவு?

இந்தக் கணக்கைப் போடுவதே கல்விக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைப்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்துக்குப் பொட்டு வைக்கிறோம். மறுநாள் அதே புத்தகத்துக்கு விலை பேசுவதா என்ற கூச்சம் அது. அந்தக் கூச்சத்தை லேசாக எண்ணிவிட முடியாது. ஆனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், விலை சொல்கிறவருக்குத்தான் வசதி.

முதலில் கணக்கையே போட்டுப் பார்த்துவிடலாம். புனேயின் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு வருட இன்ஜினியரிங் படிப்புக்குக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 20 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே இது யாரையும் திடுக்கிட வைக்கும் தொகை இல்லை. முழுவதையும் 10.5 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிப் பத்து வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய 27,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டியை இதில் சேர்க்கவில்லை. இனி சம்பளப் பக்கம். ஹிஞ்ஜவடி ஐ.டி. பூங்காவில் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் சாதாரண ஃப்ரெஷருக்குத் தரும் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கும் நான்கு லட்சத்துக்கும் நடுவிலேயே கிடக்கிறது. 3.6 லட்சம் என்று எடுத்துக்கொண்டால் மாதம் 30,000. பி.எஃப். பிடித்தம் போனால் அதுவும் இல்லை. தவணை கட்டிய பிறகு மிஞ்சுவதில் புனேயில் ஒரு பி.ஜி. அறையின் கட்டிலுக்குக்கூட வாடகை கொடுக்க முடியாது.

எல்லாருக்கும் இதே கதி இல்லை. முதல் வேலையிலேயே பத்து, பதினைந்து லட்சம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வருடத்தில் சம்பளம் மூன்று மடங்கானவர்களும் இருக்கிறார்கள். படிப்பு என்பது நாற்பது வருட உழைப்புக் காலத்துக்கான முதலீடு, முதல் வருடச் சம்பளத்தை வைத்து அதை எடை போடக் கூடாது என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். நியாயம்தான். ஆனால் வங்கி நாற்பது வருடம் காத்திருப்பதில்லை. இந்திய வங்கிகளின் கல்விக் கடனில் பொதுவான ஏற்பாடு, படிப்புக் காலமும் அதன்மேல் ஒரு வருடமும்தான் அவகாசம். பிறகு வேலை கிடைத்ததோ இல்லையோ, தவணை தொடங்கிவிடும்.

கடைசி வாக்கியத்தில்தான் இந்த விஷயத்தின் தத்துவச் சிக்கல் இருக்கிறது. அதற்குப் பழங்கதைகள் வழியாகப் போவது நல்லது.

கல்விக்குப் பணம் வாங்கியதே இல்லை என்பது போல நம் முன்னோர்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவர்களுடைய நூல்களைப் புரட்டவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். புறநானூற்றின் 183-ஆம் பாட்டைப் பாடியவன் ஒரு பாண்டிய அரசன், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். ஆசிரியருக்கு ஒரு கஷ்டம் என்றால் உதவ வேண்டும், மிகுந்த பொருளும் கொடுக்க வேண்டும், எப்படியாவது படித்துவிட வேண்டும் என்பது அவன் புத்திமதி. படித்தவனையே தாயும் அதிகம் விரும்புவாள், அரசனும் தேடுவான் என்று பலனையும் கூடவே சொல்லிவிடுகிறான். சங்ககால பிளேஸ்மென்ட் விளம்பரம் என்று சொன்னால் தமிழாசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

காளிதாசனின் ரகுவம்சத்தில் கௌத்சன் கதை இதைவிட வெளிப்படையானது. வரதந்து முனிவரிடம் படித்து முடித்த கௌத்சன், என்ன தட்சிணை வேண்டும் என்று கேட்கிறான். நீ செய்த பணிவிடையே போதும் என்கிறார் குரு. அவன் விடுவதாக இல்லை. எரிச்சலடைந்த குரு, பதினான்கு வித்தை கற்றாய், பதினான்கு கோடி கொண்டு வா என்கிறார். பாடத்துக்கு ஒரு கோடி! கௌத்சன் ரகுவிடம் போகிறான். யாகத்தில் எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு மண்பாத்திரத்தோடு நிற்கிறான் ரகு. குபேரன்மேல் படையெடுக்க அவன் ஆயத்தமாக, இரவோடிரவாகக் கஜானாவில் பொன்மழை பெய்கிறது. அத்தனையும் எடுத்துக்கொள் என்கிறான் அரசன். பதினான்கு கோடிக்கு மேல் ஒரு காசும் வேண்டாம் என்கிறான் மாணவன். கேட்டதற்கு மேல் வாங்காதவனையும் கேட்டதற்கு மேல் கொடுப்பவனையும் பார்த்து ஊரே வியந்தது என்று முடிக்கிறான் கவி.

ஆக, தொகை சிறியதில்லை. இன்றைய எந்தப் பல்கலைக்கழகமும் வெட்கப்படும் அளவுக்குப் பெரியது. ஆனால் எப்போது கேட்கப்பட்டது? படித்து முடித்த பிறகு.

பிருகதாரண்யக உபநிஷதம் இந்த வரிசையை ஒரு கொள்கையாகவே சொல்கிறது. யாக்ஞவல்கியர் ஒவ்வொன்றாக விளக்க விளக்க, ஆயிரம் பசு தருகிறேன் என்கிறான் ஜனகன். அவர் வாங்க மறுக்கிறார். முழுதாகக் கற்பிக்காமல் தட்சிணை வாங்கக் கூடாது என்பது என் தகப்பனாரின் கருத்து என்கிறார். பாதிப் பாடத்தில் கைநீட்டக் கூடாது. சொல்லி முடித்த பின், கேட்டவன் நிறைவடைந்த பின், வாங்கலாம். மாணவன் தேறாமல் போனால் நஷ்டம் குருவுக்கு. இன்றைய வியாபாரப் பேச்சில் சொன்னால், ரிஸ்க் முழுதும் விற்பவன் தலையில்.

(ஏகலைவனின் கதை இதில் ஓர் அபசுரம். அவன் தானாகவே கற்றுக்கொண்டான். குரு பாடம் எடுக்காமல் கட்டணம் மட்டும் வசூலித்தார். யூடியூபில் படித்து அரியர் இல்லாமல் தேறும் இன்ஜினியரிங் மாணவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

கிரேக்கத்தில் இதே சண்டை ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அறிவு விற்கிறார்கள் என்று சோஃபிஸ்டுகள்மேல் சாக்ரடீசுக்கும் பிளேட்டோவுக்கும் ஏளனம். அந்தக் கூட்டத்தின் தலைமகன் புரோட்டகோரஸ். சிற்பி ஃபீடியஸும் இன்னும் பத்துச் சிற்பிகளும் சேர்ந்து சம்பாதித்ததைவிட அவர் ஒருவர் அதிகம் சம்பாதித்தார் என்று பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் வருகிறது. ஆனால் அதே பிளேட்டோ இன்னொன்றும் எழுதிவைத்திருக்கிறார். படித்து முடித்த மாணவன் தன் கட்டணம் அதிகம் என்று நினைத்தால், கோயிலுக்குப் போய், தான் கற்றது இவ்வளவு பெறும் என்று தெய்வத்தின் முன் சத்தியம் செய்து அந்தத் தொகையை மட்டும் கட்டினால் போதும் என்பது புரோட்டகோரஸின் ஏற்பாடு. புனேயில் தக்டுசேட் கணபதி முன் நின்று ஒரு பட்டதாரி அப்படிச் சத்தியம் செய்வதைக் கற்பனை செய்து பார்க்கலாம். எந்த நிர்வாகக் குழு அதற்கு ஒப்பும்?

புரோட்டகோரஸைப் பற்றிய இன்னொரு கதையை ரோமானிய எழுத்தாளர் ஔலஸ் கெல்லியஸ் சொல்கிறார். வழக்காடும் கலை கற்க வந்த யூவாத்லஸ் பாதிக் கட்டணத்தை முதலில் கட்டிவிட்டு, மீதியை முதல் வழக்கில் ஜெயித்ததும் தருவதாக ஒப்பந்தம் செய்தான். படித்தான், வழக்கு எடுக்கவே இல்லை. பொறுத்துப் பார்த்த குரு வழக்குப் போட்டார். நான் ஜெயித்தால் தீர்ப்புப்படி பணம் தர வேண்டும், நீ ஜெயித்தால் ஒப்பந்தப்படி தர வேண்டும் என்றார் குரு. அதையே திருப்பிப் போட்டான் சீடன். நீதிபதிகள் குழம்பிப்போய் வழக்கைத் தள்ளி வைத்துவிட்டார்கள். வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பங்கு கொடுங்கள் என்று இப்போது நடக்கும் சில கோடிங் பயிற்சிப் பள்ளிகளின் பாட்டன் இந்த ஒப்பந்தம்தான். மாணவனின் எதிர்கால வருமானத்தில் பங்கு வாங்கலாம் என்ற யோசனையை 1955-இல் எழுதிய மில்டன் ஃப்ரீட்மனே, பொருளாதார ரீதியில் இது பாதி அடிமைத்தனத்துக்குச் சமம் என்றும் அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டார். தாராளச் சந்தையின் பெரிய வக்கீலே கொஞ்சம் தயங்கிய இடம்.

இடைக்கால ஐரோப்பாவின் கிறிஸ்தவ சட்ட அறிஞர்களும் இதில் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். அறிவு கடவுள் தந்தது, ஆகவே விற்க முடியாது என்பது அவர்களுடைய சூத்திரம். சரி, வாத்தியார் எப்படிச் சாப்பிடுவார்? 1179-இல் கூடிய மூன்றாம் லாட்டரன் சபை, ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியருக்கு வருமானம் ஒதுக்க வேண்டும், அவர் ஏழை மாணவர்களுக்கு இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்றது. மற்றவர்களிடம் வாங்குவதற்கும் ஒரு வழி கண்டார்கள். அறிவுக்கு விலை கிடையாது, ஆசிரியரின் உழைப்புக்குக் கூலி உண்டு. வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றும். ஆனால் புனேயின் கட்டண ரசீதை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டால் அதன் கூர்மை தெரியும். கட்டுகிற 20 லட்சத்தில் ஆசிரியரின் உழைப்புக்குப் போவது எவ்வளவு? கட்டடத்துக்கு, விளம்பரத் தட்டிக்கு, பெயருக்கு எவ்வளவு? தற்காலிக விரிவுரையாளர்களின் சம்பளத்தைக் கேட்டறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாகவே நிற்கும்.

புனேக்குத் திரும்புவோம். அந்த ஊரின் முதல் அரசுக் கல்லூரி தட்சிணைப் பணத்தில்தான் பிறந்தது. பேஷ்வாக்கள் ஆண்டுதோறும் பர்வதி மலையடியில் வேத பண்டிதர்களுக்குத் தட்சிணை வழங்குவார்கள். 1818-இல் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனதும் அதை என்ன செய்வது என்று யோசித்த பம்பாய் கவர்னர் எல்பின்ஸ்டன், அதில் ஒரு பகுதியை எடுத்து 1821-இல் விஷ்ராம்பாக் வாடாவில் சமஸ்கிருதக் கல்லூரி தொடங்கினார். இன்றைய டெக்கான் கல்லூரி அதன் வாரிசு. சென்னையில் பச்சையப்ப முதலியார் 1794-இல் கோயில் தர்மங்களுக்கென்று எழுதிவைத்த பணம், நீதிமன்றம் தலையிட்டு, 1842-இல் பள்ளிக்கூடமானதும் இதே மாதிரி கதைதான். சாமிக்கு வைத்த காசு சரஸ்வதிக்குப் போனது.

பழைய கல்வி இலவசமாக இருந்தது என்ற பெருமைக்கு ஆதாரமாக நாம் காட்டுவது எண்ணாயிரம் கல்வெட்டு. விழுப்புரம் பக்கத்தில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி. மாணவர்களுக்கு ஃபீஸ் கிடையாது. தினப்படி நெல் அளந்தார்கள். கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் நெல் வானத்திலிருந்து வரவில்லை. கல்லூரிக்கு விட்ட நிலத்தில் யாரோ உழுதார்கள், அவர்கள் பிள்ளைகள் அந்த 340 பேரில் இல்லை. வேதம் படிக்க உரிமை பெற்றவர்களுக்கே அந்த இடங்கள்.

இந்தச் சங்கடத்தை நேருக்கு நேர் பேசியவர் புனேக்காரர்தான். 1848-இல் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளியைத் தொடங்கிய ஜோதிராவ் புலே, 1882-இல் ஹன்டர் கல்விக் குழுவுக்கு அளித்த மனுவில் கேட்டது இதைத்தான். அரசின் வருமானம் உழவனின் வியர்வையிலிருந்து வருகிறது. செலவாவதோ மேல்வகுப்பார் பிள்ளைகளின் உயர்கல்விக்கு. முதலில் ஆரம்பக் கல்வியை எல்லாருக்கும் கட்டாயமாக்குங்கள் என்றார். இலவசக் கல்விக்கும் ஒருவர் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார், அவர் பெயர் மட்டும் ரசீதில் இல்லை என்பதை அவரைப் போலப் பளிச்சென்று சொன்னவர்கள் குறைவு. தனியார் கட்டணத்தைத் திட்டும்போது புலேயின் மனுவை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. கட்டணம் வாங்கும் கல்லூரி, சாதி பார்க்காமல் காசு பார்க்கிறது. அது ஒரு முன்னேற்றமா என்று கேட்டால், பாதி முன்னேற்றம்.

புலேயின் மனுவுக்கு இரண்டு ஆண்டுக்குப் பின் அதே ஊரில் இன்னொரு வழி திறந்தது. 1884-இல் டெக்கான் எஜுகேஷன் சொசைட்டி, 1885 ஜனவரி 2-இல் ஃபெர்குசன் கல்லூரி. திலகர், அகர்கர், நாம்ஜோஷி போன்றவர்கள் முன்னின்றார்கள். ஆயுள் உறுப்பினராகச் சேரும் பேராசிரியர் இருபது வருடம் உழைப்பதாக உறுதி தர வேண்டும். சம்பளம் மாதம் 75 ரூபாய். கோகலே அந்தச் சம்பளத்தில்தான் 1902 வரை பாடம் நடத்தினார். டி.கே. கார்வே கணிதம் நடத்திக்கொண்டே விதவைகளுக்கு ஹிங்கணேயில் ஆசிரமம் கட்டினார். இங்கே விலை கொடுத்தவர்கள் ஆசிரியர்கள். மாணவனின் கட்டணம் குறைந்தது வாத்தியாரின் வீட்டில் எண்ணெயும் பருப்பும் குறைந்ததால்.

அதுவும் நெடுநாள் பிசகில்லாமல் ஓடவில்லை. ஆயுள் உறுப்பினர்கள் வெளியே சம்பாதிக்கலாமா, சம்பளத்தை உயர்த்தலாமா என்ற சச்சரவு முற்றி, துறவிகளைப் போல முழுதாகத் தியாகம் செய்ய வேண்டும் என்ற தன் கட்சி எடுபடாமல் 1890-இல் விலகினார் திலகர். பின்னாளில் மண்டாலே சிறையில் அவர் கீதா ரகசியம் எழுதினார். பலனில் பற்று வைக்காமல் கடமை செய்வதைப் பற்றிய அந்தப் பெரிய நூல் 1915-இல் புனேயில் வெளியானது. அதை எழுதியவர் சம்பளத் தகராறில் கல்லூரியை விட்டவர் என்பது சுவாரஸ்யம்.

கீதையின் அந்த உபதேசத்தைச் சேர்க்கை நேரத்தில் மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. படிப்பை மட்டும் பார், பேக்கேஜைப் பார்க்காதே என்பார்கள். நல்ல அறிவுரைதான், சொல்கிறவர் யார் என்று மட்டும் பார்க்க வேண்டும். பலனில் பற்று வைக்காதே என்பது செயலைச் செய்கிறவன் தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் விரதம். சரக்கை விற்கிறவர் வாங்குகிறவருக்கு அதைப் போதிப்பதில் நியாயம் இல்லை. அதுவும், தட்டியில் லட்சங்களை எழுதி அழைத்தவரே, வேலை கிடைக்காதபோது கல்வியின் நோக்கம் வேலை மட்டுமா என்று தத்துவம் பேசும்போது.

பேக்கேஜை மட்டுமே அளவுகோலாக வைத்தால் என்ன தொலைந்துபோகும் என்பதற்கும் புனேயிலேயே சாட்சி இருக்கிறது. பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் மகாபாரதத்தின் செம்பதிப்பை 1919-இல் தொடங்கி 1966-இல் முடித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகளை ஒப்பிட்ட வேலை. 1925 முதல் அதை வழிநடத்திய வி.எஸ். சுக்தங்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து பெர்லினில் டாக்டர் பட்டம் வாங்கியவர். முடிவைப் பார்க்காமலே 1943-இல் இறந்தார். அவருடைய படிப்புச் செலவையும் வாழ்நாள் வருமானத்தையும் எதிரெதிரே எழுதினால் எந்தத் தணிக்கையாளரும் நஷ்டம் என்றுதான் கையெழுத்துப் போடுவார்.

இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு அம்பேத்கர். 1913-இல் பரோடா மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில் மூன்று ஆண்டுக்கு அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். திரும்பி வந்து பத்து வருடம் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. 1917-இல் வந்தார். தீண்டாமை காரணமாகத் தங்க இடம் கிடைக்கவில்லை, பார்சி விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார், வேலையை விட்டுவிட்டுப் பம்பாய் போனார். பரோடாவின் பேரேட்டில் அது வராக்கடன். சாதி சந்தையையே கெடுத்துவிடும் இடத்தில் பட்டத்துக்கு எதிரே சம்பளத்தை வைத்து எடை போட முடியாது என்பதும் இதில் தெரிகிறது. ஆனாலும் இதைச் சொல்லி ஒரு நடுத்தரக் குடும்பத்தை இருபது லட்சம் கடன் வாங்கச் சொல்லக் கூடாது. அம்பேத்கரின் படிப்புக்கு நஷ்டப்பட்டது ஒரு சமஸ்தானக் கஜானா. பிள்ளையின் படிப்புக்கு நஷ்டப்படப்போவது வீட்டுப் பத்திரம்.

இன்றைய புனேக்கு விதை 1983-இல் விழுந்தது. முதல்வர் வசந்த்தாதா பாட்டீலின் அரசு, மானியம் இல்லாத தனியார் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. புனேயின் எம்.ஐ.டி. அந்த ஆண்டு தொடங்கியதே. பதங்கராவ் கதம் 1964-இல் தொடங்கிய பாரதி வித்யாபீடம் பெரிதாக வளர்ந்தது. சிம்பயோசிஸின் கதை வேறு மாதிரி. ஃபெர்குசன் கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டிருந்த எஸ்.பி. முஜும்தார், வெளிநாட்டு மாணவர்கள் படும் தனிமையைக் கண்டு 1971-இல் தொடங்கியது அது. பெயரும் தாவரவியலிலிருந்தே எடுத்தது: இரண்டு உயிர்கள் ஒன்றை ஒன்று சார்ந்து வாழ்வது. மராத்தியர் இப்படிப்பட்ட நிறுவனர்களைப் பொதுவாகச் 'சிக்ஷண் சாம்ராட்' என்பார்கள், கல்விச் சக்கரவர்த்தி. நாம் 'கல்வித் தந்தை' என்கிறோம். இரண்டு பட்டத்திலும் மரியாதை எவ்வளவு, குறும்பு எவ்வளவு என்பது சொல்கிறவர் குரலைப் பொறுத்தது.

சட்டத்தின் பார்வையில் இந்த நிறுவனங்கள் பெரும்பாலும் அறக்கட்டளைகள். மகாராஷ்டிரத்தில் அறக்கட்டளைகளைப் பதிவு செய்து மேற்பார்க்கும் அதிகாரியின் மராத்திப் பதவிப் பெயர் 'தர்மாதாய ஆயுக்த'. தர்மம் என்ற சொல் முத்திரையிலேயே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமும் கல்வியைத் தர்ம காரியங்களில் ஒன்றாகவே எண்ணியது. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் கல்வி ஒருபோதும் வணிகமாகாது என்றது உச்ச நீதிமன்றம். 2002-இல் டி.எம்.ஏ. பை வழக்கில் பதினோரு நீதிபதிகள் அமர்வு, கல்வி நிறுவனம் நடத்துவதும் ஒரு தொழில்தான், நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபம் கூடாது என்றது. 2005-இல் மகாராஷ்டிர அரசுக்கு எதிராக பி.ஏ. இனாம்தார் தொடுத்த வழக்கில் ஏழு நீதிபதிகள், தனியார் கல்லூரிகளுக்குச் சேர்க்கையில் சுதந்திரம் உண்டு, ஆனால் கேப்பிடேஷன் ஃபீஸ் வாங்க முடியாது என்று சொன்னார்கள். இனாம்தார் புனேக்காரர், கேம்ப் பகுதியின் ஆசம் கேம்பஸை வளர்த்தவர். 2022 நவம்பரில் ஆந்திர மருத்துவக் கட்டணம் ஏழு மடங்காக்கப்பட்ட வழக்கில், கல்வி லாபம் சம்பாதிக்கும் வியாபாரம் இல்லை என்று மீண்டும் சொல்லப்பட்டது. முப்பது வருடமாக நீதிமன்றம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொழில், ஆனால் லாபம் கூடாது. தர்மம், ஆனால் உபரி கூடும். இந்த இரட்டை வேடத்தைக் குறை சொல்வது சுலபம், அதற்கு மாற்று சொல்வது கஷ்டம். அரசு போதுமான கல்லூரிகளைக் கட்டவில்லை, கட்டியவர்கள் பணம் கேட்கிறார்கள். கேட்பதில் பாவம் இல்லை. வரதந்து பதினான்கு கோடி கேட்டார். பிசகு வேறு இடத்தில் இருக்கிறது. தர்மம் என்று பதிவு செய்துகொண்ட நிறுவனம், ஒவ்வொரு வருடமும் பாடம் தொடங்கும் முன்பே கட்டணத்தை வாங்கிக்கொண்டு, மாணவனின் வாழ்க்கை எப்படிப் போனாலும் தனக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறது. யாக்ஞவல்கியரின் தகப்பனார் அனுமதிக்காதது இதைத்தான். புரோட்டகோரஸ்கூட இந்த அளவுக்குப் போகவில்லை. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் விலக்கப்பட்ட மார்க்கத்தைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு இரட்டைச் சுமை. கடன் இல்லாமல் சேர முடியாது, கடன் வாங்கினால் நம்பிக்கை உறுத்தும்.

மாற்று ஒன்றும் கனவுலகத்தில் இல்லை. ஆஸ்திரேலியா 1989-இல் கொண்டுவந்த ஏற்பாட்டில் மாணவன் பட்டம் வாங்கி, வருமானம் ஒரு வரம்பைத் தாண்டிய பிறகே, வரியோடு சேர்த்துக் கல்விக் கடனைக் கட்டத் தொடங்குகிறான். வரம்பைத் தொடாதவனிடம் யாரும் கேட்பதில்லை. படித்த பின், பலன் கண்ட பின், தட்சிணை. ஜனகன் சபையின் முறை கான்பெராவில் வரித்துறை வழியாக நடக்கிறது. நம் ஊரில் 2024-இல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் எட்டு லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்களுக்கு வட்டியில் மூன்று சதவீதம் குறைக்கிறது. ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு வங்கிக்கு அரசு பெருமளவு உத்தரவாதம் தருகிறது. வங்கிக்கு உத்தரவாதம் உண்டு. மாணவனின் சம்பளத்துக்கு இல்லை.

ஆகவே, கணக்குப் போடுகிற அந்தத் தகப்பனாரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கணக்கை இன்னும் கறாராகப் போடச் சொல்ல வேண்டும். சராசரி பேக்கேஜ் என்ற சொல்லை நம்ப வேண்டாம். பத்துப் பேரில் ஒருவனுக்கு 44 லட்சமும் ஒன்பது பேருக்கு 3.6 லட்சமும் கிடைத்தால் சராசரி 7.64 லட்சம் என்று வரும். அந்தத் தொகை அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. கேட்க வேண்டியது நடுவில் நிற்பவனின் சம்பளம், இடைநிலைச் சம்பளம்.

கிர்கியிலோ ராஸ்தா பேட்டையிலோ இருக்கும் தமிழ்க் குடும்பமானாலும், மதுரையிலிருந்து பெட்டியோடு ரயிலேறி வரும் குடும்பமானாலும், அட்வான்ஸ் கட்டுவதற்கு முந்தின நாள் இரவு ஒரு காரியம் செய்யுங்கள். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த விவரத்தைத் தன் வலைத்தளத்தில் போட்டு வைக்க வேண்டும். அதில் எத்தனை பேர் உரிய காலத்தில் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்று மூன்று எண்கள் இருக்கும். தேடி எடுத்து, தவணைத் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்த விவரம் கிடைக்காத கல்லூரியில் மறுநாள் காலை கவுன்ட்டரில் அதையே கேளுங்கள். பதில் வரும்வரை செக்புக்கை வெளியே எடுக்க வேண்டாம்.